திறப்புப் பட்டியலில் ஒரு நட்சத்திரம்

நேற்று பழைய வேலைச் சட்டையின் பையில் ஒரு வில்லை அகப்பட்டது. திறப்பில், அதாவது சாவியில், கோர்க்கிற பித்தளை வில்லை. நாற்பத்தொன்று என்று அடித்திருக்கிறது. மணந்து பார்த்தேன். பித்தளையும், தரை துடைக்கிற தண்ணீரின் எலுமிச்சை வாசமும். அந்த மணத்தோடு கார்த்திக் வந்துவிட்டான். அவனைப் பற்றி எழுத எனக்குப் பெரிய விருப்பமில்லை. மணம் விட்டால்தானே.

பிராங்பேர்ட்டில் தேவன் அண்ணையின் துப்புரவுக் கம்பனியில் எனக்கு வேலை. வக்கீல், பல் வைத்தியர், வங்கி என்று அறுபது இடம். அறுபது திறப்பு. எது யாரிடம் என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தோம். ஒருநாள் கொப்பி வாளித் தண்ணீருக்குள் விழுந்தது. அதற்குப் பிறகுதான் நான் கணினிப் பக்கம் போனேன். படித்தது எட்டாம் வகுப்பு. மாலை வகுப்பொன்றில் பி.எச்.பி. என்கிற கணினி மொழியைச் சொல்லித் தந்தார்கள். ஜெர்மன் பாதி விளங்கியது. மற்றப் பாதியை ஊகித்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து திறப்புகளுக்கு ஒரு தரவுத்தளமும், அதைத் திரையில் பார்க்க ஒரு பக்கமும் செய்தேன். சாம்பல் நிறம். எதைத் தொட்டாலும் முழுப் பக்கமும் போய்த் திரும்பி வரும். வருவதற்குள் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். அலாரம் உள்ள கதவுகளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். உள்ளே போய் அரை நிமிடத்துக்குள் அலாரத்தை நிறுத்தாவிட்டால் பொலிஸ் வரும்.

பக்கம் அலுவலகக் கணினியில் மட்டும்தான் திறக்கும். அதன் முன்னால் இருப்பது நான். விடிய ஐந்து மணிக்கே வேலைக்குப் போகிறவர்களின் தொலைபேசி அடிக்கத் தொடங்கும்.

"அண்ணை, நாப்பத்தொண்டு ஆரிட்டை?"

"என்னட்டைத்தான். வந்து எடு. அலாரம் இருக்கு, முதல்ல அதை நிப்பாட்டு."

"இவன்தான் எங்கடை கொம்பியூட்டர்" என்று தேவன் அண்ணை வருகிறவர்களிடம் சொல்வார். நான் சிரிக்கமாட்டேன். உள்ளுக்குள் இனிக்கும்.

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி. கம்பனியில் வேலை. தேவன் அண்ணையின் மேல்வீட்டில் குடியிருந்தான். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து என் பக்கத்தைப் பார்த்தான்.

"அண்ணா, இது ரொம்ப ஓல்ட் டெக்னாலஜி. ரியாக்ட்னு புதுசு ஒண்ணு இருக்கு, அதுல பண்ணிடலாம். எல்லாரும் போன்லயே பாத்துக்கலாம்."

இரண்டு வார இறுதியில் செய்துகொண்டு வந்தான். எனக்கு ஒரு குளிர்காலம் எடுத்தது. ஒரு திறப்பைத் தொட்டால் அந்த வரி மட்டும் மாறியது. பக்கம் அசையவேயில்லை. அழகாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நீயே சொல்லடாப்பா. பழசோ புதுசோ?" என்றார் தேவன் அண்ணை.

"இவன் வேலை மாறிப் போனா ஆர் திருத்திறது? என்ரை எண்டா நானே திருத்துவன்."

சரியான காரணம்தான். ஆனால் என் காரணம் அதுவல்ல. ஒரு மாதம் புதியதை ஓட்டிப் பார்த்து முடிவெடுப்போம் என்றார் அவர்.

தரவுகளை மாற்றும்போது கார்த்திக் கேட்டான்.

"அண்ணா, இந்த ஸ்டார் எதுக்கு? தேவையா?"

"சும்மா போட்டது."

அவன் நம்பினான். நட்சத்திரத்தை எடுத்துவிட்டான். திங்கட்கிழமை ஒருவரும் எனக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் போனைப் பார்த்தார்கள்.

புதன்கிழமை எங்களோடு துப்புரவு வேலை செய்த ராணி அக்கா முதல்தடவையாக நாற்பத்தொன்றுக்குப் போனார். வக்கீல் அலுவலகம். நான் போய்ச் சேர்ந்தபோது அலாரத்துக்கு வந்த இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். ராணி அக்கா படியில் இருந்தார். வதிவிட அனுமதிக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு அவருக்கு அப்போது பதில் வரவில்லை. துடைப்பத்தை விடாமல் பிடித்திருந்தார்.

"தம்பி, நான் களவெடுக்க வரேல்லை எண்டு இவைக்குச் சொல்லு."

சொன்னேன். அவர்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ராணி அக்கா துடைப்பத்தை இன்னும் விடவில்லை.

பின்னேரம் கார்த்திக் ஓடி வந்தான். "சாரிக்கா. என் தப்பு. நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சும்மா போட்டது என்று சொன்னது நான்தான் என்பது என் வாயில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அதிலும் அவன்மேல் பொறாமைதான் வந்தது. என் தப்பு என்று அவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே. தன்னுடையது இல்லாத தப்பை.

அன்றைக்கே தன் பட்டியலில் அலாரக் கதவுகளுக்குச் சிவப்பு மணிப் படம் ஒன்று வைத்தான். தொட்டால் ஆடும். புதியதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று தேவன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

நான் சொன்னதுபோலவே கார்த்திக் வேலை மாறி ஹனோவருக்குப் போய்விட்டான். அவனுடைய பக்கத்தையும் திருத்த ஆளில்லாமல் நிறுத்தினார்கள். எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. ராணி அக்கா ஹம் நகரில் மகளோடு இருக்கிறார். கட்டடங்களில் இப்போது திறப்பே இல்லை, அட்டைதான்.

ஐந்து மணிக்கு இன்றைக்கும் விழிப்பு வருகிறது. தொலைபேசி பேசாமல் கிடக்கிறது. அந்த நட்சத்திரம் எதற்கு என்று இப்போது யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். கேட்க ஒருவரும் இல்லை.