நெட்டையனும் குட்டையனும் வந்த ஞாயிறு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். எந்த ர எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்பு வரைதான், அதுவும் பர்மியப் பள்ளி. தமிழ் எழுத்து கோயிலில் வாரம் ஒரு நாள் நடந்த வகுப்பில் கற்றது. வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் இருந்தால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில், செருப்புத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுவது. வீடு இருக்கும் தின்கன்ஜூனிலிருந்து பஸ்ஸில் பாலம் தாண்டிப் போகிறேன். முன்பு அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஜப்பான்காரர் ஒருவர் எங்களுக்கு பேஸ்பால் கற்றுக்கொடுத்தார். அவர் ஊருக்குப் போய்விட்டார், ஆட்டம் எங்களிடம் தங்கிவிட்டது. மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எங்கள் ஆள் எறியும் பந்தைப் பிடிப்பது என் வேலை. அதற்கு முகத்தில் கம்பி மூடி மாட்ட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டால் எனக்குக் கூச்சமே இருக்காது.

போன மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் ஆட்களில் நாலு பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சம் ஏழு பேர். ஒன்பது பேர் இல்லாமல் ஆட முடியாது. தொழிற்சாலைகளுக்குள் நடக்கிற போட்டியில் எங்களுக்கும் க்யிம்யிண்டைங் ஐஸ் தொழிற்சாலைக்கும்தான் கடைசி இடத்துக்குப் போட்டி. கடைசியாக வருகிற அணிக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது. எங்கள் இரண்டு அணிக்கும் நடுவில்தான் கடைசி ஆட்டம். தோற்றால் எங்கள் அணி இல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

எங்கள் தலைவர் தையல் பிரிவு மேஸ்திரி, பர்மாக்காரர். அவரை எல்லோரும் அக்கோ, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். அவர் எங்கள் தொழிற்சாலையிலேயே தனியாக ஆடிக்கொண்டிருந்த சின்னப் பையன்களின் அணியிலிருந்து இரண்டு பேரை எங்கள் அணிக்கு இழுத்துக்கொண்டார். ஒருவன் பசை பூசும் பிரிவில் இருக்கும் நெட்டையன். அவன் அப்பா தமிழர், அதனால் என்னை மாமா என்பான். மற்றவன் தோல் வெட்டும் பிரிவுக் குட்டையன், பர்மாக்காரப் பையன். அவன் என்னை ஊலே என்பான், அதுவும் மாமாதான்.

மைதானத்தில் ஐஸ்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "பெரிய ஆள் தீர்ந்துபோச்சு, பள்ளிக்கூடத்தையே கூட்டிட்டு வந்துட்டாங்க!"

குட்டையன் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றான்.

"ஷூவை மாட்டுடா!" என்று தலைவர் கத்தினார்.

"மாட்டினா என் கால் எங்க இருக்குன்னே தெரியல அக்கோ."

"உன் கால் உன் இடுப்புக்குக் கீழதான் இருக்கு. போய் நில்லு!"

முதலில் மட்டை பிடித்தது நாங்கள்தான், ஓட்டம் எதுவும் வரவில்லை. பிறகு நெட்டையன் முதல் பந்தை எறிந்தான். அது என் கையுறைக்குள் விழுந்த சத்தம் எனக்கே பயமாக இருந்தது. உள்ளங்கை எரிந்தது. இரண்டாவது பந்தை மட்டைக்காரன் பார்க்கவே இல்லை, பந்து போன பிறகு மட்டையைச் சுற்றினான். முதல் இரண்டு சுற்றிலும் அவர்கள் ஒருவரும் ஓட்டம் எடுக்கவில்லை. தையல் பிரிவுப் பெண்கள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் டின்னைத் தட்டினார்கள்.

மூன்றாவது சுற்றில் ஐஸ்காரர்கள் மூன்று ஓட்டம் எடுத்துவிட்டார்கள். நாங்கள் நாலாவதில் பதில் சொன்னோம். குட்டையன் பந்தை லேசாகத் தட்டிவிட்டு முதல் கட்டத்துக்கு ஓடினான். எதிராளி மூச்சு விடுவதற்குள் இரண்டாவது கட்டத்தில் நின்றான், அடுத்து மூன்றாவதில். நெட்டையன் அடித்த அடியில் அவன் வீடு வந்து சேர்ந்தான்; மட்டை பிடிக்கிற இடத்தைத்தான் வீடு என்போம், கட்டங்களைச் சுற்றி அங்கே திரும்பினால் ஓர் ஓட்டம். எங்கள் பழைய ஆட்களுக்கும் சூடு பிடித்துவிட்டது. ஐந்தாவது சுற்றில் எங்களுக்கு மொத்தம் நாலு ஓட்டம் ஆகிவிட்டது. நாலுக்கு மூன்று.

ஐந்துதான் கடைசிச் சுற்று, இனி அவர்கள் அடிக்கும் முறை மட்டும்தான் பாக்கி. ஐஸ்காரர்களுக்கு இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் கட்டங்களில் நின்றார்கள். அந்த இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது. இன்னும் ஒரே ஓர் ஆளை நாங்கள் அவுட் செய்ய வேண்டும்.

மட்டைக்காரன் ஓங்கி அடித்தான். பந்து வானத்துக்குப் போனது. குட்டையன் பின்னோக்கி ஓடினான், கையை நீட்டினான். பந்து கையுறையின் விளிம்பில் பட்டுத் தெறித்துக் கீழே இறங்கியது. பெண்கள் ஐயோ என்றார்கள். அப்போது அவன் கால் எழுந்தது. உள்ளங்காலைத் திருப்பி, தரைக்கு ஒரு சாண் மேலே பந்தைத் தட்டினான். அது அவன் மார்பு உயரத்துக்கு வந்தது, வெறுங்கையால் பிடித்தான்.

அவன் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்லோன் ஆடுகிறவன். பிரம்புப் பந்தைக் கீழே விடாமல் காலாலேயே தட்டுகிற அந்த ஆட்டத்தில் பந்து விழப்போனால் கால் தானாகப் போகும். யோசிக்க நேரம் ஏது?

அதற்குள் ஓடி வந்த இரண்டு ஐஸ்காரர்களும் என்னைத் தாண்டி ஜெயித்தோம் என்று குதித்தார்கள்.

"காலால உதைச்சான்! இது பேஸ்பாலா, ஃபுட்பாலா?" என்று அவர்கள் தலைவர் கத்தினார்.

நடுவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். என் பின்னால் நின்றவர், "இதை என்னன்னு சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எங்கள் தலைவர் தூரத்தில் இருந்தார். பக்கத்தில் இருந்தது நான்தான். நான் கம்பி மூடியைத் தூக்கினேன்.

"சயா, அது அவுட்!" என்றேன். வாத்தியாரை நாங்கள் சயா என்போம். "ஜப்பான்காரர் சொல்லிக்கொடுத்திருக்கார். உடம்புல எங்க பட்டாலும் பரவாயில்ல. தரையில படக்கூடாது, அவ்வளவுதான். இது தரையில படல!"

டின் சத்தம் நின்றுபோனது. மைதானம் முழுக்க என்னையே பார்த்தது.

"படலைன்னு நீ எப்படிச் சொல்றே? இவ்வளவு தூரத்திலேர்ந்து?" என்று ஐஸ் தலைவர் என் முகத்துக்கு நேரே வந்தார்.

பந்தை அடித்தவன் முதல் கட்டத்திலிருந்து கையைத் தூக்கினான். "ஊலே சொல்றது சரிதான். கீழ விழல. நான் பாத்துக்கிட்டேதான் ஓடினேன்."

"டேய், நீ எந்தப் பக்கம்டா? நாளைக்கு ஐஸ் கட்டிய நீயே தனியாத் தூக்கு!" என்று அவர்கள் தலைவர் அவன் பக்கம் திரும்பினார்.

"தூக்கறேன் அக்கோ. ஆனா இப்படி ஒரு பிடியப் பாத்துட்டு எப்படிப் பொய் சொல்றது?"

நடுவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்த நேரத்தில் நான் முருகனையும் கூப்பிட்டேன், புத்தரையும் கூப்பிட்டேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டுக் கையை முஷ்டியாக மேலே தூக்கினார். அவுட்!

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. நெட்டையன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். "மாமா, உங்களுக்கு இவ்வளவு சத்தம் இருக்கா? இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க?" என்றான். என் முகம் சூடாகிவிட்டது. மூடியை மறுபடியும் மாட்டிக்கொண்டேன்.

குட்டையனின் பாதம் வீங்கிப் பன் மாதிரி ஆகிவிட்டது. ஐஸ்காரர்களே தங்கள் வண்டியிலிருந்து ஐஸ் உடைத்து வந்து வைத்தார்கள். அவர்கள் தலைவர் அந்தக் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காலை எங்களுக்கு வித்துடு" என்றார்.

அதிலிருந்து நாலாவது ஞாயிறு இன்று. அடுத்த வருஷப் போட்டிக்கு எங்கள் அணியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். காலைப் பயிற்சிக்குப் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள், கையுறை பத்துதான். முறை வைத்து ஆடினோம். என் முறை வரும்வரை பெண்களோடு உட்கார்ந்து டின் தட்டினேன். வீட்டுக்கு வந்து குளித்த கையோடு இதை எழுதி முடித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை.