கேட்காமல் கட்டிய தொட்டில்

எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் கரும்பு டிராக்டர்கள் முறைக்காக வரிசையில் நின்றிருந்தன. எனக்கு முன்னால் நின்ற வண்டியின் மட்கார்டில் ஒரு பெண் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் வேறு பெண்ணே இல்லை. பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, சோறு ஆக்கத் தெரியுமா, இல்ல பட்டினியா?" என்று கேட்டார். பட்டினி என்றேன். "அப்ப தண்ணி தூக்கிட்டு வா" என்றார். அந்த வண்டியை ஓட்டும் டிரைவர் அண்ணனின் மனைவி. அன்று முதல் எனக்கு அக்கா.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். படிப்பு எட்டாவதோடு நின்றது. அதன் பிறகு எந்த ஊரிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பெரம்பலூரில் ரயில் கிடையாது. எனக்கு மனசு சரியில்லாமல் போனால் அரியலூர் பஸ்ஸில் ஏறுவேன், ஸ்டேஷனுக்குப் போவேன், எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் போய்விடுவேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் ரப்பர்த் தோட்டம், பெங்களூரில் கட்டட வேலை. பல இடத்தில் அடியும் வாங்கியிருக்கிறேன், நல்ல சோறும் தின்றிருக்கிறேன். என் அப்பாவும் இப்படித்தான். அவர் வீட்டுக்கு வந்த நாட்களை நான் தனித்தனியாக நினைவு வைத்திருக்கிறேன், அவ்வளவு குறைவு. கல்யாணம் ஆனதும் குரும்பலூரில் ஒரு வாடகை வீட்டில் மனைவியை வைத்துவிட்டு, அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்திலேயே இருக்கலாம் என்று அந்தப் பருவத்துக்கு மட்டும் கரும்பு லோடு ஓட்ட வந்தேன்.

வரிசையில் நிற்கும் நாட்களில் வண்டி நிழல்தான் வீடு. மூன்று கல்லைக் கூட்டி அக்கா உலை வைப்பார். அண்ணனுக்கு, எனக்கு, பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்கு. அந்த இருவருக்கும் பிள்ளை இல்லை என்பது வரிசைக்கே தெரியும். அதற்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒருவர் வேர் கொண்டுவந்தார். ஒருவர் திருச்சியில் டாக்டர் விலாசம் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, ராத்திரி பகலா வண்டி ஓட்டுனா சூடு ஏறிக்கும்டா, கொஞ்சம் எறங்கி நில்லு" என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்பார். வேரை அடுப்பில் போட்டுவிடுவார். அந்தச் 'சரிங்க'வை நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சோறு தின்றவன் நான், ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

குரும்பலூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயில். வாசலில் ஒரு வேப்பமரம். பிள்ளை வேண்டுகிறவர்கள் மஞ்சள் துணியில் ஒரு கூழாங்கல்லைக் குழந்தை மாதிரி வைத்துத் தொட்டிலாகக் கட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளை பிறந்தால் வந்து பொங்கல் வைத்து அவிழ்க்க வேண்டும். சொந்தக்காரர்களுக்காக மற்றவர் கட்டுவதும் உண்டு. லோடு இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன ஒரு நாள், குளித்துவிட்டுப் போய் அக்கா பேரிலும் அண்ணன் பேரிலும் ஒரு தொட்டில் கட்டினேன். மனசு நிறைந்திருந்தது. நடுவில் ஒரு தை வெள்ளி போயிற்று. அடுத்த முறை வரிசையில் அவர்களைப் பார்த்ததும் குங்குமத்தை நீட்டி, நான்கைந்து பேர் கேட்க, "அக்கா, உங்க பேருல தொட்டில் கட்டிட்டேன், அடுத்த வருஷம் நீங்க வந்து பொங்க வைக்கணும்" என்றேன்.

எல்லோரும் "நல்ல காரியம் பண்ணுனடா" என்றார்கள். அண்ணன் மட்டும் சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். அக்கா குங்குமத்தை வாங்கவில்லை. "ஏன்டா, எங்களுக்கு வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணுனதுடா. எங்க வூட்ல நான்தான் மூத்தவ. எனக்குப் பின்னாடி நாலு. எங்கம்மா களையெடுக்கப் போயிடும், நாலையும் என் இடுப்புலயே வளத்தேன். பெக்கலயே தவிர எல்லாம் பாத்தாச்சு. இனிமே நான் ஊரு பாக்கணும், இந்த ஆளோட வண்டில. அவரும் சரின்னாரு." அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளே எனக்கு ஒரு புள்ளதான்டா, அதுவும் அடங்காத புள்ள" என்றார். அப்புறம் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நாளைக்கு வண்டி உள்ள போனதும் நீயும் நானும் போறோம். கட்டுனவனே அவுக்கணும்."

போனோம். மரத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. தை வெள்ளிக்கு வந்தவர்கள் கிளை கிளையாகக் கட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே மாதிரி முடிச்சு. நான் கட்டியது எது என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றைத் தொடப்போனால் அது யாருடையதோ. பூசாரி வந்து விவரம் கேட்டார். "கட்ட வந்தவங்கள பாத்துருக்கேன். பொறந்து அவுக்க வந்தவங்கள பாத்துருக்கேன். வேணாம்னு அவுக்க வந்த ஆளு நீதான்யா" என்றார். அக்கா அவரிடம், "சாமி, ஆத்தாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இந்தத் தம்பி ஆள் மாத்தி மனு குடுத்துட்டான், இதுல வேண்டிக்கிட்டு நிக்கிற வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லுங்க" என்றார். பூசாரி சிரித்து, கற்பூரம் காட்டினார். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். விளையாட்டு முகம் போய்விட்டது. "இத்தன பேரு அழுதுகிட்டுக் கட்டிருக்காங்க. அவங்களுக்குக் கெடைக்கட்டும். ஆனா இதுல எத்தன பேர கேக்காமயே கட்டுனாங்களோ" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகு, "உன் பொண்டாட்டிகிட்ட கேட்டியா?" என்றார். எதை என்று கேட்டேன். "புள்ள வேணுமா, எப்ப வேணும்னு." நான் வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்தேன். கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை. மழை பெய்கிற மாதிரி அது வரும், வராவிட்டால் கோயிலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றே வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். பெரம்பலூர் தையல் கடையில் வேலை முடிந்து வந்து அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "என்ன, குடிச்சிருக்கீங்களா?" என்றாள். இல்லை என்று தெரிந்ததும் கதவில் சாய்ந்து நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ. "எனக்கு வேணாம்னு இல்ல. உங்கள நம்பிப் பெத்துக்க மாட்டேன். அரியலூர் பஸ்ஸு போனா உங்க கண்ணு அது பின்னாடியே போவுது. நாளைக்கு நான் கைப்புள்ளையோட நிப்பேன், நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டுகிட்டு." எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அவள் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். அவள்தான், "வருஷத்துக்கு ஒரு தடவ கேளுங்க. மாறுனா சொல்றேன்" என்றாள்.

அந்தப் பருவம் முடிந்ததும் பெரம்பலூரில் ஒரு இரும்புக்கடைக்கு மினி லாரி ஓட்டச் சேர்ந்தேன். முதல் வருடம் கால் அரித்தது உண்மை. அரியலூருக்குச் சிமெண்ட் ஏற்றப் போகும்போதெல்லாம் ஸ்டேஷன் பக்கம் வண்டி தானாகத் திரும்பும்போல இருக்கும். இருந்தாலும் சாயங்காலம் திரும்பி வந்தேன். விசேஷம் உண்டா என்று அவளைக் கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பச் சொன்னேன். "பேசிகிட்டு இருக்கோம்" என்பேன். "இதுல பேசுறதுக்கு என்னடா இருக்கு?" என்று என் அம்மாவே கேட்டது. பேசுவதற்கு நிறைய இருந்தது. யார் வேலையை விடுவது, யார் பார்த்துக்கொள்வது, வேண்டாம் என்றே இருந்துவிட்டால் நாம் எப்படி இருப்போம். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பயப்படும்போதெல்லாம் அக்காவும் அண்ணனும் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் இப்போது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார்கள். அக்கா லைசென்ஸ் எடுத்துவிட்டார், பாதித் தூரம் அவர்தான் ஓட்டுகிறார். போன மாதம் வழியில் பார்த்தபோது ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தார். அப்படியும் ஒரு வாழ்க்கை நிறைவாக இருக்கும் என்று பார்த்த பிறகுதான், பிள்ளை வேண்டும் என்பதை நான் பயத்தால் இல்லாமல் ஆசையால் நினைக்க ஆரம்பித்தேன்.

மூன்று வருடம் கேட்டேன். முதல் இரண்டு வருடம் "இல்ல." மூன்றாவது வருடம், "யோசிக்கிறேன்." இந்த வருடம் கரும்பு வண்டிகள் ஓட ஆரம்பித்த வாரத்தில் கேட்டேன். அவள் ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எல்லா வருஷமும் என்னயே கேக்குறீங்க. உங்களுக்கு?" என்றாள்.

என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. ஆசை இருந்தும் நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாசலில் போய் நின்றேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் அடுத்த ஊக்கை எடுக்காமல் காத்திருந்தாள்.

"வேணும். ஆனா பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். அடுத்த ஊக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப சரி" என்றாள்.