ஒரே மாசத்தில் ஐந்து கிலோ

எனக்குச் சந்தேகப் புத்தி. ஊரே சொல்லும், அதில் வெட்கமில்லை. குழந்தைகளின் இருதயம் பார்ப்பது என் வேலை. நேபாளம், கென்யா என்று நாடு நாடாக முகாம் போட்டவள், இப்போது வருஷத்தில் பாதி நாள் சொந்த ஊரான ராஜபாளையத்தில் இருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாதம் ஒரு முகாம் நடத்துகிறேன்.

போன வருஷம் அங்கே மம்சாபுரத்துக்காரி ஒருத்தி ஆறு வயது மகளைக் கூட்டிவந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே மில் ஓடுகிற மாதிரி இரைச்சல். பிறந்ததும் மூடவேண்டிய ரத்தக்குழாய் ஒன்று மூடவில்லை. எக்கோவிலும் அதேதான் தெரிந்தது. தள்ளிப்போட்டால் நுரையீரல் கெட்டுப்போகும், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி அடைக்கணும், எல்லாம் இலவசம் என்று படம் போட்டு விளக்கினேன். தலையை ஆட்டினாள். ஆட்டின விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் பிள்ளையோடு வந்து நின்றாள். "சரியாப்போச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக்குடுங்க, பள்ளிக்கூடத்துல கேக்காக."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். இரைச்சலே இல்லை. கூட்டத்தில் பிள்ளைகள் முகம் எனக்கு நிற்பதில்லை, அதனால் முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன், பிறகு எக்கோ மிஷினை. தப்பாகச் சொல்லி ஒரு குடும்பத்தையே கலங்கடித்துவிட்டேனோ? அந்த நேரம் பார்த்து நர்ஸ் எடையைச் சொன்னாள். பழைய சீட்டில் பதினாலு கிலோ. இன்று பத்தொன்பது.

"ஏம்மா, ஒரே மாசத்துல அஞ்சு கிலோவா?"

"பருத்திப்பால் குடுத்தேன்."

"அப்போ நாளைக்கு எனக்கும் ரெண்டு டம்ளர் கொண்டா."

பிள்ளையிடம் குனிந்து, "உங்கம்மா எங்க?" என்றேன்.

"வீட்டுல," என்றது.

தன் மகளுக்குப் பதிலாகக் கூட்டிவந்தது கொழுந்தன் மகளையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இந்தச் சீட்டை மட்டும் எழுதியிருந்தா உம் மகளுக்கு நானே எமனாயிருப்பேன், தெரியுமா?"

அழுதுவிட்டாள். "பொட்டப்புள்ள, டாக்டரம்மா. நெஞ்சைக் கிழிச்சா தழும்பு நிக்கும். நாளைக்கு எவன் கட்டுவான்? நல்லாயிருக்குன்னு சீட்டு இருந்தா ஒருத்தரும் கேக்கமாட்டாகன்னு நெனச்சேன்."

"நெஞ்சை யாரு கிழிக்கப்போறா? தொடை வழியா ஒரு குழாயை விட்டு அடைப்போம். ஊசி குத்துன தடம்தான் இருக்கும்."

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

அன்றைக்கு ரத்தக்குழாயைச் சொன்னேன், நுரையீரலைச் சொன்னேன், இலவசத்தைச் சொன்னேன். எத்தனையோ தேசத்துத் தாய்மார்களிடம் பேசியவள் நான். இவளிடம் சொல்லவேண்டிய அந்த ஒன்றை விட்டுவிட்டேன். அவமானமாக இருந்தது.

"போய் உம் மகளைக் கூட்டிட்டு வா, நான் இங்கயேதான் இருப்பேன்," என்றேன்.

அவள் நகரவில்லை. "மொதல்ல அந்தக் குழாயைக் காட்டுங்க."

பாடம் நடத்த வைத்திருந்த குழாய் ஒன்று பையில் இருந்தது. கொடுத்தேன். விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள், வளைத்தாள், பிள்ளையின் தொடை மேல் வைத்துப் பார்த்தாள். என் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பிறகு போனை எடுத்து, "ஏங்க, நம்ம பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.