நான்காவது கன்ட்ரோலர்

உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் விழாவில், தோற்பதற்கென்றே ஒரு சிறுமி அழைத்துவரப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்தால், கையிலிருக்கும் கேக் உங்களுக்குத் தொண்டையில் இறங்குமா?

இறங்காது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அவள் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம்.

அவள் பெயர் ஜெஸ்ஸி. அவளுடைய அப்பா ஜெபக்குமாருக்குக் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம். ஜெபக்குமாரின் அப்பா ஏசுபாதம் கடைசிவரை அடுத்தவர் வயலில் வரப்பண்டை வெட்டிச் சேறடித்தவர். நிலத்துக்காரர் எதைச் சொன்னாலும், அது தவறென்று தெரிந்தாலும், “நீங்க சொன்னா சரிங்க” என்று முடித்துக்கொள்வதே அவர் கற்ற பிழைப்பு. மகன் அப்படி ஆகக்கூடாதென்று ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். ஜெபக்குமார் எலக்ட்ரீஷியன் ஆனார். ஒரு ஒப்பந்தக்காரரிடம் சில வருடங்கள் வேலை பார்த்தார். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது.

அதன்பிறகு வீடுகளுக்குப் போய் டி.வி., ஃபேன் பழுது பார்த்தார். அப்படிப் போன ஒரு வீட்டில்தான் அந்த விளையாட்டைப் பார்த்தார். டி.வி.க்கு முன்னால் நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு கன்ட்ரோலர். திரையில் ஒரு தீவு. அதில் ஆளுக்கொரு தொப்பி வைத்த பொம்மை. பகடை உருளும், பொம்மை கட்டம் கட்டமாக நகரும், நின்ற இடத்தில் ஒரு குட்டி விளையாட்டு வரும். வலையால் மீன் பிடிப்பது, பலூன் ஊதுவது, தட்டுகளைச் சரியாமல் அடுக்குவது என்று எதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளாது. அடியில்லை, வெட்டில்லை, துப்பாக்கியில்லை. கடைசியில் ஒரு கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏறவேண்டும். முதலில் உச்சிக்குப் போகும் பொம்மையின் தலையில் கிரீடம் வந்து உட்காரும், வாணவேடிக்கை வெடிக்கும். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள்கூடச் சிரித்தார்கள். பழுது பார்க்க வந்த ஜெபக்குமாரும் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார்.

சென்னைக்குப் போய் அந்த விளையாட்டு ஓடும் பழைய மெஷின் ஒன்று வாங்கினார். புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர், ஒரு பழைய ஆம்னி வேன் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கல்பாக்கம் குடியிருப்பு, மாமல்லபுரத்து ரிசார்ட்டுகள், ஜி.எஸ்.டி. சாலையோரத்து அடுக்குமாடிகள் என்று எங்கே பிள்ளைக்குப் பிறந்தநாளோ அங்கே ஜெபக்குமார் போய்த் திரை கட்டினார்.

ஒரு சிக்கல் இருந்தது. நான்காவது ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கம்ப்யூட்டரே ஆடும். கம்ப்யூட்டருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. எவ்வளவு எளிதாக மாற்றி வைத்தாலும் சில நேரம் அதுவே ஜெயித்துவிடும். இல்லாவிட்டால் விருந்தாளிப் பிள்ளை யாராவது ஜெயிக்கும். பிறந்தநாள் பிள்ளை அழும். அழுத வீட்டிலிருந்து மறுவருடம் அழைப்பு வராது.

“கம்ப்யூட்டரு ரொம்ப மோசம்பா,” என்றாள் கூட வந்திருந்த ஜெஸ்ஸி. “சின்னப் பசங்களுக்குக்கூட வுட்டுக் குடுக்க மாட்டேங்குது.”

“நீ வுட்டுக் குடுப்பியா?”

“ஓ.”

அப்படித்தான் நான்காவது கன்ட்ரோலர் அவள் கைக்கு வந்தது. அவள் வெறுமனே தோற்கவில்லை. தோற்பதை வேலையாகவே கற்றுக்கொண்டாள். மற்ற இரண்டு பொம்மைகளையும் வழிமறித்துத் தாமதப்படுத்துவாள். பிறந்தநாள் பிள்ளையை முன்னே விடுவாள். கலங்கரை விளக்கத்தின் கடைசிப் படிவரை மூச்சுவாங்க விரட்டிப்போய், அங்கே தடுமாறி நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அது தோல்வி மாதிரியே தெரியும். கிரீடம் பிறந்தநாள் பிள்ளைக்குப் போகும். எல்லோரும் கைதட்டுவார்கள், ஜெஸ்ஸியும் தட்டுவாள்.

அவளுடைய அம்மா சாராள் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலைக்குப் போகிறவர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

“பெத்த பொண்ணுக்குத் தோக்கக் கத்துக் குடுக்குற அப்பன நான் எங்கயும் பாத்ததில்ல.”

“வெளாட்டுதானே சாரா. நெசமாவா தோக்குறா?”

“அவளக் கேளு.”

ஜெபக்குமார் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். அவளுடைய பிறந்தநாளுக்கு மெஷின் எங்கேயும் போகாது. வீட்டுச் சுவரில் திரை கட்டப்படும். அன்றைக்கு ஜெஸ்ஸிதான் ஜெயிக்கவேண்டும். அந்த நாளைப் பற்றி அவள் வருடம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒன்பது வயது நிறைந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அந்த வாரத்தில் பிறந்தவர்கள் ஆலயத்தில் முன்னால் போய் நின்று காணிக்கை போட, சபையார் எழுந்து பாடுவது வழக்கம். அதற்காக மயில் நீலத்தில், வலை வைத்த கவுன் எடுத்திருந்தார் சாராள். ஆனால் அதே ஞாயிறு மாலைக்கு ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. புதிய அடுக்குமாடி, ஒரு வீட்டில் பிடித்துப்போனால் அடுத்தடுத்து நாற்பது வீடு கிடைக்கும். ஜெபக்குமார் ஒப்புக்கொண்டார். போய்விட்டு வந்து வீட்டில் ஆடலாம் என்று மகளிடம் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. பிறகு, புது கவுனோடு வருவதென்றால் வருகிறேன் என்றாள்.

மற்ற நாட்களில் அவளும் அப்பாவைப் போலவே வேனில் எழுதியிருக்கும் பெயரை அச்சடித்த டி-ஷர்ட்தான் போட்டுக்கொண்டு போவாள். அன்று கவுன். ஹால் வாசலில் பிள்ளைகளுக்குக் காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அவளை அழைக்கப்பட்ட பிள்ளை என்றே நினைத்து, ஒரு தொப்பியை மாட்டி உள்ளே அனுப்பிவிட்டார். ஒயர் இழுத்துக்கொண்டிருந்த ஜெபக்குமார் அதைப் பார்த்தார். போய்ச் சொல்லியிருக்கவேண்டும். பிறந்தநாளும் அதுவுமாக, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டார்.

இனியன் என்ற சிறுவனுக்குத்தான் அன்று பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். எல்லோரும் பாடினார்கள். ஜெஸ்ஸியும் நடுவில் நின்று பாடினாள், தலையில் தொப்பியோடு, கையில் கேக்கோடு. பிறகு முதல் ஆட்டத்துக்கு இனியன், ஸ்வாதி, அனு, ஜெஸ்ஸி என்று நான்கு பேரை உட்கார வைத்தார்கள்.

முதலில் வழக்கம்போலவே ஆடினாள். ஸ்வாதியையும் அனுவையும் பின்தங்க வைத்தாள். கலங்கரை விளக்கத்தில் இனியனோடு ஏறினாள். கடைசிப் படி வந்தது. அங்கேதான் அவள் நிற்கவேண்டும்.

அன்று நிற்கவில்லை.

கிரீடம் அவள் பொம்மையின் தலையில் விழுந்தது. வாணவேடிக்கை. ஜெஸ்ஸி எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினாள். ஜெபக்குமார் அதுவரை பார்த்திராத ஒரு முகம் அவளுக்கு இருந்தது.

இனியன் அழுதான். எட்டு வயதுப் பிள்ளை தோற்றால் அழும்; அதில் குற்றமில்லை. அவனுடைய அப்பா கோபாலகிருஷ்ணன்கூடச் சிரித்துக்கொண்டே, “சூப்பர்மா, எந்த ஃப்ளாட் நீ?” என்றுதான் கேட்டார்.

“நான் புதுப்பட்டினம் அங்கிள். அதோ, எங்கப்பா.”

இனியனின் அம்மா சகுந்தலா ஜெபக்குமாரிடம் வந்தார். “உங்க பொண்ணா? நாங்களும் கல்பாக்கத்துல இருந்தவங்கதான். புதுப்பட்டினத்துல எந்தப் பக்கம்?”

“பஸ் ஸ்டாண்டாண்டங்க.”

“பஸ் ஸ்டாண்டுலயேவா, பின்னாடியா?”

“பின்னாடிங்க.”

“ஓ. சர்ச் பக்கம்.”

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. இரண்டு கேள்வியில் ஒரு மனிதரின் பாட்டன் பூட்டன்வரை அளந்துவிடும் வித்தை நம்மிடம்தானே இருக்கிறது. பிள்ளைக்குத் தூய தமிழில் பெயர் வைத்த வீடு அது. கேட்டால், நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை என்பார்கள். பார்க்கவில்லைதான். விசாரித்தார்கள்.

சகுந்தலா ஜெஸ்ஸியிடம் போய், “தொப்பி, கூப்பிட்ட பசங்க கணக்குக்குத்தாம்மா வாங்கினோம்,” என்று மெதுவாகச் சொல்லி, அவள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். ரப்பர் கயிறு முடியில் சிக்கியது, பொறுமையாக எடுத்தார். பிறகு அவள் வைத்திருந்த கன்ட்ரோலரை வாங்கி, ஈர டிஷ்யூவால் துடைத்தார். நான்கு கன்ட்ரோலர்களில் அந்த ஒன்றை மட்டும் துடைத்தார்.

“வேலைக்கு வர்றவங்க பசங்க கலந்துக்காம பாத்துக்கோங்க,” என்றார் ஜெபக்குமாரிடம்.

இன்றைக்கு என் பெண்ணுக்கும் பிறந்தநாள் என்று ஒரு வாக்கியம் ஜெபக்குமாரின் வாயில் இருந்தது. அடுத்த நாற்பது வீடுகளும் அந்த ஹாலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவர் வாயைத் திறந்தபோது வெளியே வந்தது ஏசுபாதத்தின் குரல்.

“நீங்க சொன்னா சரிங்க.” பிறகு மகளிடம் திரும்பி, “சாரி சொல்லு கண்ணு,” என்றார்.

ஜெஸ்ஸி அப்பாவைப் பார்த்தாள். “சாரி ஆன்ட்டி,” என்றாள். இனியனிடமும் சொன்னாள். பிறகு எக்ஸ்டென்ஷன் பெட்டி பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது. இனியன் ஜெயித்தான்.

திரும்பி வரும்போது, செங்கல்பட்டு கொளவாய் ஏரி ஓரமாக வேன் போய்க்கொண்டிருக்கையில் கேட்டாள்: “அப்பா, நான் பட்டனத் தப்பா அமுக்கிட்டேனா?”

“இல்ல கண்ணு. கரெக்டாதான் அமுக்குன.”

“அப்ப இன்னாத்துக்கு சாரி சொன்னேன்?”

ஜெபக்குமார் வேனின் வேகத்தைக் கூட்டினார். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள். அன்று வீட்டில் யாரும் ஆடவில்லை.

அடுத்த ஞாயிறு, விஷயம் தெரிந்து போதகர் அவளைக் கூப்பிட்டுப் பணிவின் மேன்மையைப் பற்றிச் சொன்னாராம். பணிவைப் பிரசங்கிக்க அவருக்கு ஊரப்பாக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண்தான் கிடைத்தாள். இன்னொருவர் வீட்டுக்கு வந்து, எல்லாம் அவனவன் விதி என்று ஆறுதல் சொன்னார். விதி ஈர டிஷ்யூவை எடுத்துத் துடைக்காது. அதற்கு ஒரு மனிதக் கை வேண்டும்.

ஜெஸ்ஸி அதன்பிறகு வேனில் ஏறவில்லை. கேட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள்.

ஒரு வருடம் போயிற்று. அவளுடைய அடுத்த பிறந்தநாளுக்கு வந்த இரண்டு அழைப்புகளையும் ஜெபக்குமார் மறுத்தார். மதியமே ஜன்னலைச் சாக்கால் மறைத்துச் சுவரில் திரை கட்டினார். பக்கத்து வீட்டுப் பிரவின்குமாரும் அவன் தங்கை ரேணுகாவும் வந்து உட்கார்ந்தார்கள். ஜெஸ்ஸி வரமாட்டேன் என்றாள். சாராள் அவள் தலையை வாரிவிட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார். நான்காவது கன்ட்ரோலரை ஜெபக்குமாரே எடுத்துக்கொண்டார். மகளுக்குத் தோற்பதென்று முடிவு செய்துகொண்டுதான் எடுத்தார்.

ஆட்டம் நன்றாகவே போயிற்று. ரேணுகா கத்தினாள்; பிரவின்குமார் அவளைக் கேலி செய்தான்; ஜெஸ்ஸிகூட ஒருமுறை சிரித்தாள். கலங்கரை விளக்கம் வந்தது. மற்ற இரண்டு பொம்மைகளும் கீழே உருண்டு விழுந்து ஆட்டத்திலிருந்து போய்விட்டன. அப்பாவின் பொம்மையும் மகளின் பொம்மையும் மட்டும் ஏறின. கடைசிப் படிக்கு முந்திய படியில் ஜெபக்குமார் நிறுத்தினார்.

பக்கத்தில் ஜெஸ்ஸியின் பொம்மையும் நின்றது.

“ஏறு கண்ணு.”

“நீ ஏறுப்பா.”

“இன்னிக்கு உன் பர்த்டே. நீதான் ஏறணும்.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: “நான் ஏறுனா யாருனா அழுவாங்கப்பா.”

“இங்க யாரும் அழமாட்டாங்க.”

அவள் பட்டன்மீது வைத்திருந்த விரலை எடுத்து, கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். பிறகு பாவாடை ஓரத்தால் அதைத் துடைத்தாள், பட்டன் பட்டனாக, அடுத்தவர் கைக்குக் கொடுக்கும் முன் துடைப்பதைப் போல. ஜெபக்குமார் வாய்விட்டு அழுதார். அவள் நிமிர்ந்து பார்த்து, “சொன்னேன்ல,” என்றாள்.

திரையில் இரண்டு பொம்மைகளும் கடைசிப் படிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நேரம் தீர்ந்து மணி அடித்தது. கிரீடம் யார் தலையிலும் விழவில்லை.

ஜெபக்குமார் இன்னும் ஆம்னி ஓட்டுகிறார். அந்த நாற்பது வீடுகளில் பல அவரைக் கூப்பிடுகின்றன. சுத்தமாக வேலை செய்கிறார் என்று பெயர். நான்காவது ஆள் குறைந்தால் இப்போது கம்ப்யூட்டர்தான் ஆடுகிறது. ஜெஸ்ஸி ஆறாம் வகுப்பு. பள்ளி விளையாட்டு நாளில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்ன டீச்சரிடம், தனக்கு ஓட வராது என்று சொல்லியிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் அடுத்த பிறந்தநாள் வரும். ஹாலின் ஓரத்தில், ஒயர்களுக்குப் பக்கத்தில், ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். திரை கட்டுபவரின் பிள்ளையோ, சமையல்காரரின் பிள்ளையோ. எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். பெயரைக் கேளுங்கள். நான்காவது கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, ஜெயிக்கிற மாதிரி ஆடு என்று நீங்களே சொல்லுங்கள். ஜெயித்தால் எல்லோருக்கும் முன்பாக எழுந்து கைதட்டுங்கள். உங்கள் பிள்ளை அழுதால், கொஞ்ச நேரம் அழ விடுங்கள்.