ஜன்னலில் குறுக்கே ஓடிய பூனை

ஊரப்பாக்கத்தில் எங்கள் முதல் மாடி ஜன்னல் பூனைக்குச் சொந்தம். தெருவில் காலேஜ் பஸ் திரும்பினால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடும். தண்ணீர் கேன் வண்டி வந்தால் மறுபடி இந்த மூலைக்கு. மீன்காரம்மாவின் குரல் கேட்டால் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்துக் கத்தும். பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் எனக்கும் அந்தப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும்.

வினை எதிர் வீட்டிலிருந்து வந்தது. மகனுக்குப் பெண் பார்க்கக் குடும்பமே காரில் ஏறும் நேரம், அந்த அம்மா நிமிர்ந்து பார்க்க, பூனை ஜன்னலில் குறுக்கே ஓடியிருக்கிறது. எல்லாரும் இறங்கி, உள்ளே போய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது, பயணம் ரத்து. அடுத்த முறையும் அதே கதை.

“ஏம்மா, உன் பூனையால எம்புள்ளைக்குக் கல்யாணமே ஆவாது போல கீதே!”

“அது எங்க வீட்டுக்குள்ளதானே ஆன்ட்டி ஓடுது?”

“எங்க ஓடினா இன்னா? குறுக்க ஓடிச்சா இல்லியா?”

வந்த கோபத்துக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எதிரெதிர் வீட்டில் பகை எதற்கென்று, அவர்கள் கிளம்பும்போது ஜன்னலைச் சாத்திவைக்க ஒப்புக்கொண்டேன்.

அந்த ஞாயிறு சாத்தினேன். ஐயோ, அது போட்ட சத்தம்! ஜன்னலைப் பிறாண்டியது, என் காலைக் கடித்தது. நானும் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கார் போய்விட்டதா பார்ப்போம் என்று வாசல் கதவை லேசாகத் திறந்தேன். என் புத்தியை என்ன சொல்ல! காலுக்கிடையில் நழுவிப் படியிறங்கி நேரே தெருவுக்கு ஓடிவிட்டது.

கார் கிறீச்சிட்டு நின்றது. பூனை காருக்கடியில். எனக்கு உயிரே இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

“போச்சு, எல்லாம் போச்சு!” என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மகன் இறங்கி, பட்டுச் சட்டையோடு தரையில் படுத்து, கையை நீட்டிப் பூனையை இழுத்தெடுத்தார். அவர் மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்தது. பூனைக்கு ஒன்றுமில்லை. நான் அழுதேவிட்டேன்.

“மன்னிச்சிடுங்க தம்பி. இனிமே நீங்க கிளம்புறப்ப கதவு, ஜன்னல் எதையுமே திறக்க மாட்டேன்.”

அம்மா தண்ணீர் குடிக்க உள்ளே போகும்வரை அவர் பேசவில்லை. பிறகு பூனையை என் கையில் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்.

“அப்படிச் சொல்லாதீங்கக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூட்டிட்டுப் போறேன்றாங்க. ஜன்னலைத் திறந்தே வைங்க.”