கத்திப்பிடியில் பல் தடம்

பிள்ளைகளா, கடப்பாக்கம் டீக்கடையில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது பார்த்த ஒரு மீனவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்குப் புருவம்கூட வெயிலில் வெளுத்திருந்தது. கையில் ஒரு பழைய மடக்குக் கத்தி. அதன் மரப்பிடி விரிசல் விட்டதென்று மருமகன் பூசிய வெள்ளைப் பசை, வழிந்து கட்டியாகக் காய்ந்திருந்தது.

அலகு திறந்துவிடாதபடி கத்தியை மடக்கித் துணியால் கட்டியிருந்தார். கடையில் வாங்கிய வெந்நீரில் இன்னொரு துணியை நனைத்துப் பிடிமேல் சுற்றினார். பசை இளகியதும் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினார். ஒவ்வொரு தடவையும் முதலில் துணிக்கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"பிளேடால ஒரே இழு இழுத்தா வந்துடுமே," என்றேன்.

"மரமும் வந்துடும் அண்ணாத்த."

"புதுசு ஒண்ணு வாங்கேன்யா. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார் கடைக்காரர்.

"புதுசுல எங்க நைனா பல்லு இருக்குமா?"

படகுக்கு அடியில் வலை சிக்கினால், அவருடைய அப்பா இந்தக் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதிப்பாராம். அப்படிப் பிடியில் விழுந்த பல் தடத்தைத்தான் பசை மூடியிருந்தது. தடமும் சேர்ந்து போய்விடுமோ என்று நானும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பஸ் வந்து போய்விட்டது. கடைசிப் பசை உரிந்தபோது, மரத்தில் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர் கட்டைவிரலை அவற்றின்மேல் வைத்தார்.

அன்று வீட்டில் தனியாக இருந்தபோது, உங்கள் பென்சில் ஒன்றை என்னால் முடிந்த மட்டும் கடித்துப் பார்த்தேன். தடம் லேசாகத்தான் விழுந்தது.