தனம் ஓட்டிய சுற்று

வேங்கிக்கால் டீக்கடையில் நேற்று இரண்டு கல்லூரிப் பையன்கள், இரண்டு கார் பந்தய வீடியோ கேம்களில் உலகம் முழுக்க எது அதிகம் விற்றது என்று சண்டை போட்டார்கள்.

“உன் கேம இப்ப எவன்டா ஆடுறான்?” என்றான் ஒருவன்.

எனக்கு ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறை நினைவுக்கு வந்தது. சித்திரை பௌர்ணமிக்கு முந்தின நாள், அதில் சந்தேகமில்லை. சூடேறிய டிவியும் வேர்வையும் மணக்கும் எங்கள் தெரு கேம் கடையில், அண்ணன் சேகர் ஒரு கேமுக்குக் கட்சி, நான் இன்னொன்றுக்கு.

“கம்மியா ஓடுற சிடிய இன்னிக்கே வித்துடப் போறேன்” என்றார் கடைக்கார பாய். கம்மியாக ஓடியது என்னுடையதுதான்.

கிரிவலத்துக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த மாமா மகள் தனத்தை என் கேமை ஆட உட்காரவைத்தேன். விடுமுறைதோறும் என்னோடு ஆடிப் பழகியவள். அந்த கேமில் ஒரு மலையைச் சுற்றிப் பாதை. கிளம்பியதும் காரை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

“ஏய், தப்பு வழி” என்றான் சேகர்.

“மலைய வலது கைப் பக்கம் வெச்சுதானே சுத்தணும்?”

திரையில் சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது. எதிரே சீறி வந்த கார்களில் ஒன்றைக்கூட உரசாமல் மலையை முழுக்கச் சுற்றிவந்தாள். பாய் எழுந்து நின்றிருந்தார்.

“இன்னொரு வாட்டி சுத்தும்மா” என்றார்.

மறுநாள் முதல் எல்லோரும் அப்படியே ஓட்டிப் பார்த்து முட்டிக்கொண்டார்கள், சேகர் உட்பட. சிடியை பாய் விற்கவில்லை.

“நீங்களே சொல்லுங்க சார், எது பெருசு?” என்று டீக்கடைப் பையன்கள் கேட்டார்கள்.

“தனம் ஓட்டினது” என்றேன்.